வழுக்கும் ஏடும் வழுக்கா ஏடும்: மாத்தளை மைக்காவும் அயல் மாவட்டக் காரீயமும்

இலங்கையின் கனிப்பொருள் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் தொன் கணக்கையும் ரூபாய்க் கணக்கையுமே எழுதியுள்ளனர். காரீயம் எத்தனை தொன் ஏற்றுமதியாயிற்று, அதனால் எக்குடும்பங்கள் செல்வம் திரட்டின, எந்தப் போரின்போது விலை ஏறிற்று, எப்போது வீழ்ந்தது என்பனவற்றை அந்நூல்களிற் காணலாம். மைக்காவுக்கோ ஓர் அடிக்குறிப்பிற்கு மேல் இடமில்லை. இவ்விரு கனிப்பொருள்களுக்கும் தனித்தன்மை அளிப்பது அவை ஏடு ஏடாக அமைந்திருப்பதே. அவ்வேடுகளுள் ஒன்று மற்றொன்றின் மேல் எவ்வாறு நகர்கின்றது, எப்போது நகர மறுக்கின்றது என்ற வினாவிற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு முனை சுரங்கத் தொழிலாளியின் வெறுங்காலில் இருக்கின்றது. மறுமுனை இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னரும் நடந்த ஆய்வுகூடச் சோதனைகளில் இருக்கின்றது.

மாத்தளை மாவட்டம் இவ்வினாவை நோக்குவதற்கு ஏற்ற இடமாகும். நாட்டின் நடுவே, மிகப் பழைய உருமாறிய பாறைகளின் மேல் அமைந்தது இம்மாவட்டம். இங்கு பளிங்குருவான சுண்ணக்கல் பட்டை பட்டையாக ஓடுகின்றது. மாத்தளையைச் சூழவுள்ள சுண்ணாம்புச் சூளைகளுக்கு மூலப்பொருள் அதுவே. இறத்தோட்டைக்கு அண்மையிலுள்ள ஓவலையிலும், கைகாவலையிலும் பெக்மதைற்று என்னும் பருமணிப் பாறை வெளிப்பட்டு நிற்கின்றது. மட்பாண்டக் கைத்தொழிலுக்கு வேண்டிய பெல்ஸ்பார் இப்பகுதியில் அகழப்படுகின்றது. அதே சூழலில் மைக்காவும் கிடைக்கின்றது. இலங்கை மைக்காவிற் பெரும்பகுதி புளோகோபைற்று என்னும் மகனீசிய வகையைச் சார்ந்தது. தேன் நிறம் முதல் கருமை வரை நிறம் வேறுபடும். நகத்தை நுழைத்தாற் பிரிந்துவிடும் தகடுகள் அவை. மாவட்டத்தின் மேற்கெல்லையைக் கடந்து குருநாகல் மாவட்டத்துட் புகுந்தால், தொடங்கஸ்லந்தைப் பகுதியில் கஹட்டகஹ, கொலங்கஹ ஆகிய புகழ்பெற்ற காரீயச் சுரங்கங்கள் உள்ளன. ஏடுகளாலான இரு கனிப்பொருள்கள் இவ்வளவு அண்மையில் அமைந்திருப்பது நோக்கற்பாலது.

'ஏடு' என்ற சொல்லை இங்கு ஆள்வதற்குக் காரணமுண்டு. மாத்தளை நகருக்குச் சிறிது வடக்கேயுள்ள அலுவிகாரையிலேயே, கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாக வழங்கிய பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டதென்பது வரலாற்று மரபு. ஓலைச் சுவடியின் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். கயிற்றை அவிழ்த்தால் எளிதிற் சரியும். மழைக்காலத்து ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அணுப் பருமனுள்ள ஏடுகளில் நிகழ்வதற்கும் இது ஓரளவு பொருந்தும். ஆனால் ஈரத்தைப் பொறுத்தவரை காரீயம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்வதைப் பின்னர்க் காணலாம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். காரீயம் என்பது கரிய ஈயம். ஐரோப்பியரும் இதனை ஈயத்தின் ஒரு வகையென்றே கருதி, இலத்தீன் மொழியில் ஈயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'பிளம்பாகோ' என்று பெயரிட்டனர். சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் வில்ஹெல்ம் ஷேலே 1779 ஆம் ஆண்டில் இது காபனின் ஒரு வடிவமே என்று நிறுவினார். அதற்கு முந்திய ஆண்டில், தோற்றத்திலும் வழுவழுப்பிலும் காரீயத்தை ஒத்திருந்த வேறொரு கனிப்பொருளை அவர் காரீயத்தினின்றும் பிரித்துக் காட்டியிருந்தார். அது மொலிப்டினமும் கந்தகமும் சேர்ந்தது. கையிலே தேய்த்துப் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே; இரண்டும் வழுக்கும், இரண்டும் விரலைக் கருமையாக்கும். அவை வழுக்குவதன் காரணம் ஒன்றல்ல என்பது விளங்க மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தமிழிலோ ஈயத்தின் பெயர் இன்றும் நிலைத்துவிட்டது, அதனால் தீங்கொன்றுமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் இலங்கைக் காரீயத்தை விரும்பியது அதன் வழுக்கலுக்காக அன்று. நெருப்பைத் தாங்கும் ஆற்றலுக்காகவே. உலோகத்தை உருக்கும் புடக்குகைகளைக் களிமண்ணோடு காரீயம் கலந்து செய்தனர். அமெரிக்காவில் யோசப் டிக்சனின் தொழிலகமும், 1856 இல் இலண்டன் பட்டர்சீயில் நிறுவப்பட்ட மோர்கன் கொம்பனியும் இத்துறையில் முன்னணியில் நின்றன. இலங்கைக் காரீயம் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக நிரம்பியிருப்பது. காபன் நூற்றுக்கு 95 பங்கிற்கு மேலாக அமைந்த கட்டிகளாகவே பெயர்த்தெடுக்கத் தக்கது. வணிக அளவில் இவ்வாறு நரம்புக் காரீயம் வேறெங்கும் அகழப்படுவதில்லை எனலாம்.

தோட்டப் பயிர்களைப் போலன்றி இத்தொழிலின் பெரும்பகுதி உள்நாட்டார் கையிலேயே இருந்தது. டி. எஸ். சேனநாயக்காவின் தந்தை தொன் ஸ்பேற்றர் சேனநாயக்கா காரீயத்தாற் செல்வம் பெற்றவர். பின்னாளிற் பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவலையின் குடும்பம் கஹட்டகஹச் சுரங்கத்திற்கு உரிமை கொண்டிருந்தது. தேசிய அரசியலின் முற்பகுதிக்குப் பணம் வழங்கிய ஊற்றுகளுள் காரீயமும் ஒன்றென்பது பொருளியல் வரலாற்றாசிரியர் ஏற்றுக்கொண்ட முடிபு. அப்பணம் எவ்வாறு பூமியின் அடியிலிருந்து மேலே வந்தது என்பதையே அவர்கள் விரைவாகக் கடந்து செல்கின்றனர்.

அது மனிதரின் தோளிலும் கயிற்றிலும் ஏறி வந்தது. பழைய சுரங்கங்கள் செங்குத்தான கிணறுகளை ஒத்தவை. காட்டுக் கம்புகளைக் கயிற்றாலும் கொடியாலும் பிணைத்த ஏணிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல நூறு அடி ஆழத்திற்கு இறங்கின. கசியும் நீரும் காரீயத் தூளும் சேர்ந்து ஏணிப் படிகளில் எண்ணெய் பூசினாற்போற் படிந்தன. சுரங்கங்களை நேரிற் கண்டெழுதிய அக்கால ஐரோப்பியர், வெறுங்காலுடன் அவ்வேணிகளில் ஏறியிறங்கிய தொழிலாளரின் திறமையை வியந்தும் அஞ்சியும் குறிப்பிட்டுள்ளனர். வியப்பைக் காட்டிலும் அச்சமே பொருத்தமானது. புடக்குகை செய்பவனுக்கு வேண்டாத வழுக்கல், அதைத் தோண்டியெடுத்தவனுக்கு நாள்தோறும் உயிர்ப் பகையாயிருந்தது. சிங்கள நாட்டார் பாடல்களுள் 'பத்தல் கவி' எனப்படும் சுரங்கப் பாடல்கள் இருளையும் ஆழத்தையும் வீட்டு நினைவையும் பாடுகின்றன. காரீயத்தின் உராய்வு பற்றிய அறிவு இந்நாட்டில் முதலில் நூலில் இடம்பெறவில்லை. அத்தொழிலாளரின் பாதங்களில் இடம்பெற்றது.

மேலே வந்த காரீயம் கொழும்பிலுள்ள முற்றங்களிற் பதப்படுத்தப்பட்டது. அங்கு பெரும்பாலும் பெண்களே வேலை செய்தனர். கல்லையும் மண்ணையும் நீக்கி, அரித்து, தேய்த்து மெருகேற்றி, பெருங்கட்டி, சிறுகட்டி, சில்லு, தூள் என வகைப்படுத்தினர். எந்தக் கட்டி எந்த வகையைச் சாரும் என்பதை அவர்களின் கண்ணும் கையுமே தீர்மானித்தன. முதலாம் உலகப் போரின்போது ஆயுத உற்பத்திக்காக உலோகம் உருக்கும் தேவை பெருகவே, 1916 ஆம் ஆண்டில் ஏற்றுமதி 33,000 தொன்னைக் கடந்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. மடகஸ்காரின் செதிற் காரீயம் மலிவாகக் கிடைத்தமையால் புடக்குகைத் தொழிலகங்கள் அதன்பாற் சென்றன. பல சுரங்கங்கள் நீர் நிரம்பி மூடுண்டன.

இக்காலப் பகுதியில் இந்நாட்டுக் கனிப்பொருள்களை விஞ்ஞான முறையில் ஆராய்ந்தவருள் முதன்மையானவர் ஒரு தமிழரின் மகன். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றாசிரியர் எனப் புகழ்பெறுமுன் புவிச்சரிதவியலாளராக விளங்கினார். 1900 ஆம் ஆண்டில், தம் இருபத்து மூன்றாம் வயதளவில், இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய ஆய்வுக் கட்டுரையை இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். 1902 இல் பளிங்குருச் சுண்ணக்கற்களைப் பற்றிய கட்டுரை அதே ஏட்டில் வந்தது. மாத்தளைப் பக்கத்துப் புளோகோபைற்றின் பிறப்பிடங்களுள் அவ்வகைப் பாறையும் ஒன்று. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் பணிப்பாளராயிருந்தார். அக்காலத்து ஊர்ப்பயணங்களே அவரை அழிந்துவரும் கைவினைகளின்பாற் திருப்பின என்பர். கலையுலகுக்கு அது பேறு. இந்நாட்டுக் கனிப்பொருளாய்வுக்கு அது இழப்பே. அத்தகைய ஒருவர் தொடர்ந்திருந்தால் காரீயமும் மைக்காவும் மூலப்பொருளாகவே கப்பலேறியிருக்குமா என்று கேட்கத் தோன்றுகின்றது.

மைக்காவின் கதை இதனின் வேறானது. தமிழில் அப்பிரகம் என்றும் காக்காப்பொன் என்றும் வழங்கும் இதனைச் சித்த மருத்துவர் மருந்தாக ஆண்டனர். மின்னுகம் பிறந்த பின்னரே உலகச் சந்தை இதனைத் தேடியது. மெல்லியதாகப் பிளந்தும் மின்னையும் வெப்பத்தையும் தடுக்கவல்ல பொருள் வேறில்லை. பீகாரின் கொடர்மாவிலும் ஆந்திரத்தின் நெல்லூரிலும் ஆயிரக்கணக்கானோர் கத்தி முனையால் மைக்காவை ஏடு ஏடாகப் பிளந்தனர். மாத்தளையின் பங்கு அவற்றோடு ஒப்பிடுமளவிற்குப் பெரிதன்று. ஆனால் புளோகோபைற்றுக்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. மின்பிறப்பாக்கியின் சுழலும் உருளையிற் செப்புத் துண்டுகள் வரிசையாக அமைந்திருக்கும். அவற்றினிடையே மைக்காத் தகடு வைக்கப்படும். உருளையின் மேலே காபன் 'தூரிகை' என்னும் கட்டி உராய்ந்து மின்னை வாங்கும். புளோகோபைற்று மென்மையானதாகையால் செம்போடு சமமாகத் தேய்ந்து, தூரிகையைத் துள்ளவிடாது காத்தது. தூரிகைக்கோ காரீயம் சேர்ந்தது. இவ்வாறு கனிப்பொருளுலகின் இரு அயலவரும் ஒரே இயந்திரத்தினுள் ஒருவரையொருவர் உராயத் தொடங்கினர்.

உராய்வென்பது மேடுபள்ளங்கள் ஒன்றோடொன்று சிக்குவதால் விளைவது என்பதே கூலோம் காலத்திலிருந்து வழங்கிய கருத்து. மேடும் பள்ளமும் இல்லாத ஏட்டில் உராய்வு எங்கிருந்து வருகின்றது? எக்ஸ் கதிர்கள் பளிங்குகளின் உள்ளமைப்பைக் காட்டிய பின்னரே இவ்வினாவைக் கேட்கவும் முடிந்தது. 1924 இல் ஜே. டி. பேர்ணல் காரீயத்தின் அமைப்பை விளக்கினார். அறுகோணங்களாகப் பின்னிய காபன் அணுக்களின் தளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு தளத்தினுள் அணுக்களுக்கிடையே உள்ள தூரம் 0.142 நனோமீற்றர், தளத்திற்கும் தளத்திற்கும் இடையே 0.335 நனோமீற்றர். தளத்தினுட் பிணைப்பு மிக வலிது, தளங்களினிடையே மிக மெலிது. ஆகவே சீட்டுக் கட்டின் சீட்டுகள்போல் அவை சறுக்குகின்றன என டபிள்யூ. எச். பிராக் விளக்கமளித்தார். தெளிவும் அழகும் உள்ள விளக்கம். பாடநூல்கள் இன்னும் அதனையே கூறுகின்றன.

மைக்காவை அருகில் வைத்து நோக்கினால் இவ்விளக்கத்தின் குறை புலப்படும். 1930 இல் லைனஸ் போலிங் மைக்காவின் அமைப்பை விவரித்தார். அதுவும் ஏடுகளின் அடுக்கே. ஏடொன்றின் பருமன் ஏறத்தாழ ஒரு நனோமீற்றர். சிலிக்கன், ஒட்சிசன் முதலியவற்றாலான அவ்வேடுகள் எதிர்மின்னேற்றம் உடையவை. அவற்றினிடையே பொற்றாசிய அயன்கள் அமர்ந்து இரு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துள்ளன. எனவே கத்தியால் நெம்பினாற் பிரியுமேயன்றிக் கையாற் தள்ளினாற் சறுக்காது. ஏடாயிருத்தல் வேறு, வழுக்குதல் வேறு. அதே 1930 இல் இரசிய அறிஞர் ஒப்ரேமோவ் மைக்காவைக் கண்ணாடி ஆப்பினாற் பிளக்கும் சோதனை முடிவுகளை வெளியிட்டார். வெற்றிடத்திற் பிளப்பதற்குக் காற்றிற் பிளப்பதைக் காட்டிலும் மிகுந்த ஆற்றல் வேண்டியிருந்தது. ஆப்பை மீட்டால் பிரிந்த ஏடுகள் மீண்டும் பொருந்தின. காற்றிலுள்ள ஏதோவொன்று ஏடுகளின் உறவில் தலையிடுகின்றது என்பதற்கு அது முன்னறிவிப்பு.

காரீயத்தின் பொருட்டு அவ்வுண்மையை வெளிப்படுத்தியது இரண்டாம் உலகப் போர். விமானங்கள் முன்னெப்போதும் எட்டாத உயரத்திற் பறந்தபோது அவற்றின் மின்பிறப்பாக்கிகள் செயலிழந்தன. தரையில் நீண்டகாலம் உழைக்கும் காபன் தூரிகைகள் மேலே மிகக் குறுகிய நேரத்தில் தூளாயுதிர்ந்தன. உயரத்திற் குளிர் மிகும், உராய்வு குறையவேண்டுமே என எண்ணியோர் திகைத்தனர். அமெரிக்காவின் ஜெனரல் இலெக்றிக் ஆய்வுகூடத்தில் ஆர். எச். சவேஜ் இதனை ஆராய்ந்து 1948 இல் முடிவுகளை வெளியிட்டார். காரீயம் தானாக வழுக்குவதில்லை. வெற்றிடத்தில் அது கடுமையாக உராய்ந்து தேய்கின்றது. மிகச் சிறிதளவு நீராவியை உட்செலுத்தியதும் உராய்வு தணிகின்றது. ஈரமற்ற உயர்வானில் தூரிகைகள் உதிர்ந்ததன் காரணம் அதுவே. ஏடுகளின் ஓரத்தே நிற்கும், பிணைப்பை நாடும் காபன் அணுக்களை நீர் மூலக்கூறுகள் அமைதிப்படுத்தினாலன்றிச் சீட்டுக்கட்டு சரியாது. ஷேலே பிரித்துக் காட்டிய மொலிப்டினக் கனிப்பொருளோ வெற்றிடத்தில்தான் நன்றாக வழுக்கும். ஈரம் அதற்குப் பகை. விண்கலங்களின் உறுப்புகளுக்குக் காரீயத்தை விடுத்து அதனைத் தேர்ந்தது இக்காரணத்தாலேயே.

ஈண்டு பழைய சுரங்கத்தை மீண்டும் நினைத்தல் தகும். நீர் கசியும் ஆழத்தில், காற்றில் ஈரம் நிறைந்திருக்க, காரீயம் படிந்த ஏணியில் நின்றவன் அப்பொருள் மிக நன்றாக வழுக்கும் சூழ்நிலையிலேயே நின்றான். அப்போரில் இலங்கைக் காரீயத்தின் தேவை மீண்டும் உச்சமடைந்ததும் தற்செயலன்று. 1942 இல் பிரித்தானியர் கைப்பற்றும் வரை மடகஸ்கார் விஷி பிரான்சின் ஆட்சியில் இருந்தது. நேச நாடுகள் இத்தீவின் நரம்புக் காரீயத்தையே நம்பவேண்டியிருந்தன. தூரிகைத் தொழிலில் அதன் தூய்மைக்கு மதிப்பு இன்றும் குறையவில்லை. போருக்குப் பின்னர் மறுபடியும் சரிவு. 1971 இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. போகலைச் சுரங்கம் பின்னர்த் தனியார் கைக்கு மாறிற்று. கஹட்டகஹ அரசின் வசமே உள்ளது.

நீராவி விடையின் ஒரு பாதியே. மறுபாதியைத் திறந்ததில் மைக்காவிற்கும் பங்குண்டு. ஓர் ஏட்டின் அணு வரிசை மற்றோர் ஏட்டின் அணு வரிசையோடு பொருந்தி அமர்ந்தால், முட்டைத் தட்டின்மேல் முட்டைத் தட்டு அமர்வதுபோல், நகர்த்துதல் கடினம். ஒன்றைச் சற்றுத் திருப்பி வைத்தால் மேடு பள்ளத்திற் பொருந்தாது, தடையும் குறையவேண்டும். ஜப்பானிய அறிஞர் ஹிரானோவும் ஷின்ஜோவும் 1990 இல் இதனைக் கணித முறையிற் காட்டினர். அடுத்த ஆண்டில் ஹிரானோவும் உடனாய்வாளரும் மசுக்கோவைற்று மைக்காவின் இரு ஏடுகளை எடுத்து, சூடாக்கி ஈரத்தை அகற்றி, வெவ்வேறு கோணங்களில் வைத்து நகர்த்தினர். அணு வரிசைகள் ஒத்த கோணத்தில் உராய்வு மிகுந்தும், ஒவ்வாத கோணத்திற் குறைந்தும் காணப்பட்டது. சாதாரண ஈரக் காற்றில் அவ்வேறுபாடு மறைந்தது. 2004 இல் ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் டீன்வீபலும் பிரங்கனும் பிறரும் காரீயத்தின் மேல் ஒரு காரீயச் செதிலை இழுத்து அளந்தனர். அறுபது பாகைக்கு ஒருமுறை உராய்வு உச்சமடைந்தது. இடைப்பட்ட கோணங்களில் அது பத்திலொரு பங்கு அளவிற்கும் கீழே விழுந்தது. ஒரே பொருள், ஒரே சுமை. கோணம் மட்டுமே வேறு.

அதே 2004 இல் மஞ்செஸ்ரரில் கைமும் நொவோசெலவும் ஒட்டுநாடாவினாற் காரீயத்தை மீண்டும் மீண்டும் உரித்துத் தனியோர் அணு ஏட்டைப் பெற்ற செய்தியை வெளியிட்டனர். கிராபீன் எனப்பட்ட அவ்வேட்டின் ஆய்வுக்காக 2010 இல் நோபல் பரிசு பெற்றனர். உரித்தல் என்னும் செயலை மைக்காத் தொழிலாளர் நெடுங்காலமாகச் செய்துவந்தனரெனினும், ஓரணுப் பருமனை எட்டியது இதுவே. இலங்கையிலும் ஹோமாகமையிலுள்ள நனோ தொழில்நுட்ப நிறுவனம் உள்நாட்டு நரம்புக் காரீயத்திலிருந்து கிராபீன் ஆக்கும் முயற்சியில் ஈடுபட்டது. ஒன்றரை நூற்றாண்டாகக் கட்டியாகக் கப்பலேறிய பொருளின் மேல் இந்நாட்டிலேயே ஆய்வு நடப்பது காலந்தாழ்ந்த நற்செயல்.

தனி ஏட்டின் உராய்வு எவ்வாறிருக்கும் என்ற வினாவை அமெரிக்காவில் கொலம்பியா, பென்சில்வேனியா ஆகிய பல்கலைக்கழகங்களின் அறிஞர் ஆராய்ந்து 2010 இல் முடிவுகளை வெளியிட்டனர். கிராபீன், மொலிப்டினக் கனிப்பொருள் முதலான நான்கு பொருள்களின் ஏடுகளைச் சிலிக்கன் ஒட்சைட்டின் மேல் பரப்பி நுண்ணிய ஊசியினால் வருடினர். நான்கிலும் ஏடுகளின் எண்ணிக்கை குறையக் குறைய உராய்வு கூடிற்று; ஒற்றையேட்டிலேயே அது மிகுந்தது. கீழ்ப்பரப்பில் நன்கு ஒட்டாத மெல்லேடு ஊசியின் முன்னே துணிபோற் சுருங்கி மேடிட்டு அதனைத் தடுக்கின்றது என்பது அவர்கள் தந்த விளக்கம். அவ்விளக்கத்தைச் சோதிக்க, ஏட்டை இறுகப் பற்றிக்கொள்ளக்கூடிய, அணுவளவிலும் சமதளமான ஒரு பரப்பு தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது மைக்கா. பிளந்தெடுத்த மைக்காவின் மேல் கிராபீனைப் பதித்ததும் சுருக்கம் நின்றது. ஒற்றையேடாயினும் பல ஏடாயினும் உராய்வில் வேறுபாடு காணப்படவில்லை.